நிக்ஸ் என்றால் ஒன்றுமில்லை

பெங்களூருக்கு வந்து பதினைந்து வருடம் ஆகிறது. அதற்குள் நான்கு கம்பெனி, ஐந்து மடிக்கணினி. ஊரை விட்டு வந்த கணினிக்காரர்கள் எல்லோருடைய கணக்கும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். புது மெஷின் கைக்கு வந்தால் முதல் வாரம் முழுக்க ஒரே வேலை. பழைய மெஷினில் என்னென்ன போட்டு வைத்திருந்தோம் என்று யோசித்து யோசித்து ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். தமிழ்99 விசைப்பலகை, எழுத்துருக்கள், எடிட்டர், அதற்குள் நூறு சில்லறை அமைப்புகள்... எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது ஏதோ ஒன்று விட்டுப் போயிருக்கும்.

சொந்தக் கணினியில் இது வெறும் எரிச்சல். சர்வரில் இதுவே விபரீதம். "அந்த சர்வரைத் தொடாதீங்க, அதை செட்டப் பண்ணினவர் வேலையை விட்டுப் போயிட்டார்" என்ற வசனம் கேட்காத ஆபீஸ் உண்டா? மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் இன்னொரு மெஷினை அதே மாதிரி அமைத்துத் தரச் சொன்னால் யாராலும் முடியாது.

இந்தச் சிக்கலுக்குப் பின்னால் இருப்பது ஒரே ஒரு கேள்விதான். ஒரு கணினி என்பது இதுநாள் வரை அதற்குச் செய்யப்பட்ட காரியங்களின் குவியலா? இல்லை, அது எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்த ஒரு கோப்பின் விளைவா? இரண்டாவது பதிலைச் சாத்தியமாக்க முப்பது வருடங்களாகச் சிலர் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இலையும் அடுப்பும்

முதலில் ஒரு சொல்லைப் பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் 'டிக்ளரேட்டிவ்' என்பார்கள். கல்யாணச் சமையலுக்கு ஆள் பிடிக்கும்போது இரண்டு விதமாகப் பேசலாம். "அடுப்பைப் பற்ற வை, பருப்பை வேகப் போடு, அப்புறம் புளியைக் கரை" என்று ஒவ்வொரு படியாகச் சொல்வது ஒரு விதம். "இலையில் இன்னின்ன இருக்க வேண்டும்" என்று பட்டியலைக் கையில் கொடுத்துவிடுவது இன்னொரு விதம். இரண்டாவதுதான் டிக்ளரேட்டிவ். எப்படிச் செய்வது என்பது சமையல்காரரின் பாடு. கணினியில் சமையல்காரர் ஒரு மென்பொருள்.

ஆஸ்லோவில் ஒரு இயற்பியல்காரர்

1993. லினக்ஸ் உலகம் தவழ்ந்துகொண்டிருந்த வருடம். ஸ்லாக்வேர் வந்தது அந்த வருடம்தான். இயன் மர்டாக் டெபியனை அறிவித்ததும் அந்த வருடம்தான். அதே 1993இல் நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு இயற்பியல் ஆராய்ச்சியில் இருந்த மார்க் பர்கெஸ் என்பவர், தன் துறையின் கணினிகளைப் பராமரிக்க ஒரு கருவி எழுதினார். பெயர் சிஎஃப்எஞ்சின். மெஷின் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிடலாம். கருவி அவ்வப்போது ஓடி, எங்கே மாறியிருக்கிறதோ அதைச் சரிசெய்யும். சரியாக இருப்பதைத் தொடாது. எத்தனை முறை ஓட்டினாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

பர்கெஸ் இதை உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியோடு ஒப்பிட்டார். 1998இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'கணினி நோய் எதிர்ப்பியல்' என்ற பொருளில்தான் இருக்கும். கணினி என்றால் பழுது வரத்தான் செய்யும், அது தானாகவே குணமாகிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி.

அடுத்து வந்தவர்கள் அந்தப் பாதையிலேயே போனார்கள். 2005இல் லூக் கேனிஸின் பப்பெட், 2009இல் செஃப், 2012இல் அன்சிபிள். நம்மூர் ஐடி பயோடேட்டாக்களில் இந்த மூன்றில் ஒன்றாவது இல்லாமல் இருக்காது :-)

ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. கோப்பில் "அப்பாச்சி சர்வர் வேண்டும்" என்று எழுதினால் கருவி அதை நிறுவும். நாளைக்கு அந்த வரியை அழித்தால்? ஒன்றும் ஆகாது. அப்பாச்சி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். "இருக்கக் கூடாது" என்று தனியாக எழுதினால்தான் போகும். கோப்பில் பேச்சே எடுக்காத விஷயங்களைக் கருவி கண்டுகொள்ளாது. ஆக, கோப்பைப் படித்தால் மெஷினின் ஒரு பகுதிதான் தெரியும். மிச்சம் பழைய சரித்திரம்.

ஸ்டீவ் டிரௌகாட், லான்ஸ் பிரவுன் என்ற இருவர் 2002இல் நடந்த லிசா மாநாட்டில் இந்த ஓட்டைக்கு ஒரு பெயரே வைத்தார்கள். கணினி நிர்வாகத்தை அவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள். எழுத்தும் மெஷினும் நாளுக்கு நாள் விலகிப் போவது முதல் வகை. கைவேலை எல்லாம் இதில் அடக்கம். எழுத்தை நோக்கி மெஷின் நெருங்கி வருவது இரண்டாவது. சிஎஃப்எஞ்சின் வகையறா. எழுத்தும் மெஷினும் அப்படியே ஒத்துப் போவது மூன்றாவது. இந்த மூன்றாவதை அடைய வேண்டுமானால், செய்த காரியங்களை அதே வரிசையில் முதலிலிருந்து திரும்பச் செய்வதுதான் வழி என்றார்கள். வரிசை மாறினால் விளைவும் மாறிவிடும் என்பது அவர்கள் வாதம்.

வரிசையே தேவைப்படாத ஒரு ஏற்பாடு அடுத்த வருடமே நெதர்லாந்தில் தொடங்கியது.

உட்ரெக்ட்: ஒன்றுமில்லாததில் இருந்து

2003இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா என்ற ஆராய்ச்சி மாணவர் நிக்ஸ் என்ற கருவியைத் தொடங்கினார். அவருக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் ஈல்கோ விசர். (இரண்டு பேருக்கும் ஒரே பெயர். விசர் 2022இல் காலமானார்.) டச்சு மொழியில் 'நிக்ஸ்' என்றால் 'ஒன்றுமில்லை'. ஒரு மென்பொருளைக் கட்டும்போது, நாம் வாய்விட்டுச் சொன்ன பொருட்களைத் தவிர வேறு எதுவும் அதன் கண்ணில் படக் கூடாது என்பது இந்தக் கருவியின் அடிப்படை விதி. சொல்லாதது இல்லை. அதனால்தான் அந்தப் பெயர்.

டோல்ஸ்ட்ராவின் யோசனை எங்கிருந்து வந்தது என்பது சுவாரசியம். சி மொழி படித்தவர்களுக்கு பாயின்டர் தொல்லை தெரியும். நினைவகத்தில் ஒரு இடத்தைக் காட்டும் சுட்டி இருக்கும், அங்கே இருந்த பொருள் போயிருக்கும். நிரல் தலைகீழாகக் கவிழும். லினக்ஸிலும் நடப்பது இதேதான் என்றார் அவர். ஒரு நிரல் "/யூஎஸ்ஆர்/லிப்" அடைவில் ஒரு நூலகத்தை எதிர்பார்க்கிறது. அப்டேட் ஒன்று வந்து அந்த இடத்தில் வேறு பதிப்பை எழுதிவிட்டுப் போகிறது. பழைய நிரல் காலி. கோப்பின் முகவரியும் ஒரு பாயின்டர்தான். நிரல் மொழிக்காரர்கள் நினைவகத்துக்குக் கண்டுபிடித்த வைத்தியத்தை வன்தட்டுக்கும் கொடுத்தால் என்ன?

வைத்தியம் இதுதான். எந்த மென்பொருளும் பொது இடத்தில் குடியிருக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் "/நிக்ஸ்/ஸ்டோர்" என்ற அடைவுக்குள் தனி வீடு. வீட்டுக் கதவு எண் 32 எழுத்துகள் கொண்ட ஒரு ஹேஷ். மூலநிரல், கம்பைலர், சார்ந்திருக்கும் நூலகங்கள், கட்டும் முறை என்று உள்ளே போன அத்தனையையும் வைத்து அந்த எண் கணக்கிடப்படும். எதில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறும். எண் மாறினால் அது வேறு வீடு. பழையது இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரே நூலகத்தின் மூன்று பதிப்புகள் சண்டையில்லாமல் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கலாம்.

இந்த எண்ணை எழுத ஆங்கில எழுத்துகளில் ஈ, ஓ, யூ, டீ நான்கையும் விலக்கி வைத்தார்கள். தற்செயலாகக் கெட்ட வார்த்தை எதுவும் அமைந்துவிடக் கூடாதாம் :-)

2004இல் இதே லிசா மாநாட்டில் முதல் கட்டுரை வந்தது. 2006 தொடக்கத்தில் டோல்ஸ்ட்ராவின் முனைவர் பட்ட ஆய்வேடு முடிந்தது.

முழு இயங்குதளமும் ஒரு விடை

அதுவரை நிக்ஸ் ஏதோ ஒரு லினக்ஸின் மேல் உட்கார்ந்திருந்த கருவி. அதே 2006இல் உட்ரெக்டில் முதுகலை மாணவராக இருந்த ஆர்மைன் ஹெமல், தன் ஆய்வேட்டுக்கு ஒரு துணிச்சலான கேள்வியை எடுத்துக்கொண்டார். மென்பொருள் மட்டும் ஏன்? கெர்னல், "/இடிசி" அடைவின் கோப்புகள், பின்னணியில் ஓடும் சேவைகள் எல்லாவற்றையும் இதே முறையில் கட்டினால்? அப்படிப் பிறந்ததுதான் நிக்ஸ்ஓஎஸ். 2008இல் டோல்ஸ்ட்ராவும் ஆண்ட்ரெஸ் லோவும் இதைப் பற்றி ஐசிஎஃப்பி மாநாட்டில் கட்டுரை வாசித்தார்கள். அது ஃபங்ஷனல் நிரல் மொழிக்காரர்களின் மாநாடு. ஒரு லினக்ஸ் வினியோகத்துக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். விஷயமே அதில்தான் இருக்கிறது. கணக்கில் ஒரு சார்பு எப்படி? 2ஐக் கொடுத்தால் இன்றைக்கும் 4, நாளைக்கும் 4. நேற்று என்ன கொடுத்தோம் என்று அது நினைவு வைத்துக்கொள்ளாது. நிக்ஸ்ஓஎஸ்ஸில் உங்கள் அமைப்புக் கோப்பு சார்புக்குக் கொடுக்கும் எண். இயங்குதளம் அதன் விடை.

சிஎஃப்எஞ்சினின் ஓட்டை இங்கே அடைபட்டுவிட்டது. கோப்பிலிருந்து ஒரு வரியை எடுத்தால் அடுத்த விடையில் அந்தப் பொருள் இருக்காது. "எடுத்துவிடு" என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இலைப் பட்டியலில் பாயசம் இல்லையென்றால் இலையிலும் பாயசம் இல்லை.

நிக்கோலாஸ் பியரோன் மாட்யூல் முறையை வடிவமைத்த பிறகு, ஒரே அமைப்பைப் பல கோப்புகளாகப் பிரித்து எழுத முடிந்தது. 2013 அக்டோபரில் 13.10 என்ற முதல் நிலையான வெளியீடு வந்தது. ஆய்வுக்கூடப் பொருள் அன்றைக்குத்தான் தெருவுக்கு வந்தது என்று சொல்லலாம்.

நிறுவினால் எப்படி இருக்கும்?

பென் டிரைவில் இருந்து கிளப்பி, வட்டைப் பிரித்து, "நிக்ஸ்ஓஎஸ்-ஜெனரேட்-கான்ஃபிக்" கட்டளையை ஓட்டினால் இரண்டு கோப்புகள் கிடைக்கும். ஒன்று உங்கள் வன்பொருளைப் பற்றியது. அதைக் கை வைக்காமல் விட்டுவிடலாம். மற்றது "கான்ஃபிகரேஷன்.நிக்ஸ்". உங்கள் கணினியின் ஜாதகம். நேர மண்டலம் ஏஷியா/கொல்கத்தா என்று ஒரு வரி. நோட்டோ, லோஹித் தமிழ் எழுத்துருக்களுக்கு ஒரு வரி. ஐபஸ்ஸும் அதற்குள் எம்17என்னும் வேண்டும் என்று இரண்டு மூன்று வரிகள் எழுதினால் தமிழ்99 தயார். பிறகு "நிக்ஸ்ஓஎஸ்-இன்ஸ்டால்". (2022 மே மாதம் வந்த 22.05இல் இருந்து படம் காட்டி நிறுவித் தரும் வசதியும் சேர்ந்தது. முதல் முறை என்றால் அதுவே போதும்.)

அதன்பின் எதை மாற்ற வேண்டுமானாலும் கோப்பைத் திருத்தி "நிக்ஸ்ஓஎஸ்-ரீபில்ட் ஸ்விட்ச்" கொடுக்க வேண்டியதுதான். ஒவ்வொரு முறையும் ஒரு புதிய தலைமுறை உருவாகும். ஆம், 'ஜெனரேஷன்' என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். பழைய தலைமுறைகள் எல்லாம் பூட் மெனுவில் வரிசையாக இருக்கும். புது கெர்னல் திரையைக் கறுப்பாக்கிவிட்டதா? மறுபடி கிளப்பி நேற்றையதைத் தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான். பழையது அழிக்கப்படவே இல்லை என்பதால் திரும்பிப் போவது சுலபம். இதற்கு விலை வட்டில் இடம். மாதம் ஒரு முறையாவது பழசைக் கூட்டிப் பெருக்க வேண்டும். வீட்டு அடைவில் உள்ள சொந்த அமைப்புகளையும் இதே போல எழுதி வைக்க ஹோம் மேனேஜர் என்ற தனிக் கருவி உண்டு.

எழுதியும் தப்பிப் போனவை

எல்லாம் எழுதியாகிவிட்டது என்று சொன்னேன் அல்லவா? முழு உண்மை இல்லை.

முதலாவது, தேதி. "ஃபயர்ஃபாக்ஸ் வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ஃபயர்ஃபாக்ஸ்? அது உங்கள் மெஷின் எந்த நாளின் நிக்ஸ் தொகுப்பைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. அந்த நாள் கோப்பில் இல்லை. ஒரே கோப்பு, இரண்டு மெஷின், இரண்டு விளைவு. இதை அடைக்க வந்ததுதான் 'ஃப்ளேக்' என்ற முறை. எந்தத் தொகுப்பின் எந்தப் பதிப்பு என்பதை ஒரு பூட்டுக் கோப்பில் குறித்து வைத்துக்கொள்ளும். 2021 நவம்பரில் வந்த நிக்ஸ் 2.4இல் சோதனை முத்திரையோடு இது சேர்க்கப்பட்டது. முத்திரையைப் பொருட்படுத்தாமல் நிறையப் பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள்.

இரண்டாவது, தரவு. டேட்டாபேஸில் இருக்கும் உங்கள் கணக்கு வழக்குகளை எந்தச் சார்பும் உருவாக்கித் தராது. அமைப்புக் கோப்பில் 'ஸ்டேட் வெர்ஷன்' என்று ஒரு வரி இருக்கும். மெஷினை முதலில் நிறுவியது எந்த வெளியீட்டில் என்று சொல்லும் வரி. மேம்படுத்தும்போது பலர் இதையும் சேர்த்து ஏற்றிவிடுவார்கள். கூடாது. பழைய தரவு எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதற்கான ஞாபகம் அது. சரித்திரமே வேண்டாம் என்று கிளம்பிய இயங்குதளம், சரித்திரத்துக்கு ஒரே ஒரு வரி ஒதுக்க வேண்டி வந்தது.

மூன்றாவது, ரகசியம். "/நிக்ஸ்/ஸ்டோர்" உள்ளே இருப்பதை அந்த மெஷினில் கணக்கு வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கடவுச்சொல்லைக் கோப்பில் எழுதினால் ஊருக்கே சொன்ன மாதிரி. அதற்கு அஜெனிக்ஸ், சாப்ஸ்-நிக்ஸ் போன்ற தனிக் கருவிகளை நாட வேண்டும்.

357 பைட்

2012இல் கதை இரண்டாகக் கிளைத்தது. லுடோவிக் கூர்டெஸ் குனு திட்டத்தின் கீழ் கைக்ஸைத் தொடங்கினார். அடிப்படை யோசனை நிக்ஸினுடையது. மொழி மட்டும் ஸ்கீம். 1.0 பதிப்பு 2019 மே மாதம் வந்தது. கைக்ஸ்காரர்கள் ஒரு கேள்வியை விடாமல் துரத்தினார்கள். எல்லாவற்றையும் மூலநிரலில் இருந்து கட்டுகிறோம், சரி. கட்டும் கம்பைலரைக் கட்டியது யார்? அதற்கு முந்தைய கம்பைலர். அதை? இந்தக் கேள்வியின் ஆபத்தை யூனிக்ஸின் தந்தைகளில் ஒருவரான கென் தாம்சன் 1984இலேயே தன் டூரிங் விருது உரையில் விளக்கிவிட்டார். மூலநிரல் சுத்தமாக இருக்கும்போதே கம்பைலருக்குள் ஒரு திருட்டுக் கதவை ஒளித்து வைக்கலாம். படித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

2023இல் கைக்ஸ் அணி அதற்குப் பதில் சொன்னது. அவர்கள் தொகுப்பின் அடிவேரில் இருக்கும் இரும நிரலின் அளவு 357 பைட். இரண்டு மூன்று எஸ்எம்எஸ் அளவு. அதிலிருந்து படிப்படியாக ஜிசிசி வரை ஏறி வருகிறார்கள். 357 பைட்டை ஒரு மனிதர் உட்கார்ந்து வாசித்துப் பார்த்துவிடலாம் என்பதுதான் இதன் பெருமை.

நம் பக்கமும் இது வந்துவிட்டது. பெங்களூரில் ஆட்டோ பிடிக்க உதவும் நம்ம யாத்ரியின் மூலநிரல் பொதுவில் திறந்து கிடக்கிறது. பின்தளம் ஹாஸ்கெல், கட்டுவது நிக்ஸ். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் முதல் வாரத்தை "உங்க மெஷின்ல எப்படி ஓடுது?" என்று கேட்டுக் கழிக்க வேண்டியதில்லை.

எழுதாமல் விட்டது

இந்தக் கதையின் கசப்பான அத்தியாயம் 2024. நிக்ஸ் சமூகத்தில் பெரிய பிளவு. ராணுவத் தளவாடம் செய்யும் ஒரு நிறுவனத்திடம் மாநாட்டுக்குப் பணம் வாங்கலாமா என்ற சண்டையும், யார் எதை முடிவு செய்வது என்ற நீண்ட நாள் குமுறலும் சேர்ந்து ஏப்ரலில் வெடித்தன. டோல்ஸ்ட்ரா விலக வேண்டும் என்று ஒரு பகிரங்கக் கடிதம் வந்தது. அந்த மாத இறுதியில் அவர் அறக்கட்டளையின் குழுவிலிருந்து விலகுவதாக அறிவிப்பு வந்தது. பல வருடம் உழைத்த சிலர் வெளியேறினார்கள். சிலர் லிக்ஸ் என்று தனிக் கிளை கண்டார்கள். பிறகு ஒரு சபை கூடி சமூகத்துக்கு அரசியல் சட்டம் எழுதியது. வருடக் கடைசிக்குள் தேர்தல் நடத்தி ஏழு பேர் கொண்ட வழிகாட்டுக் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. எனக்கு உறுத்தியது வேறு. மெஷினில் எது எங்கே இருக்க வேண்டும் என்று கடைசிப் புள்ளி வரை எழுதி வைத்தவர்கள், தங்களுக்குள் யார் எதை முடிவு செய்வது என்று எழுதி வைக்காமலேயே இருபது வருடம் ஓட்டியிருக்கிறார்கள். "அமைத்தவர் போய்விட்டால் யாருக்குத் தெரியும்?" என்ற கேள்வி சர்வருக்கு மட்டுமானது இல்லை போலிருக்கிறது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. நிக்ஸ்ஓஎஸ்ஸுக்கு உடனே மாற வேண்டும் என்றுகூட இல்லை. உங்கள் உபுண்டுவின் மேலேயே நிக்ஸை நிறுவி, ஒன்றிரண்டு கருவிகளோடு தொடங்கலாம். ஆனால் எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். அமைப்புக் கோப்பு 'என்ன' என்று சொல்லும். 'ஏன்' என்று சொல்லாது. இந்தக் கெர்னலை ஏன் பழைய பதிப்பிலேயே நிறுத்தி வைத்தீர்கள், இந்தப் போர்ட்டை யாருக்காகத் திறந்தீர்கள் என்பது எந்த ஹேஷிலும் வராது. அதற்காகத்தான் # குறி இருக்கிறது. அதன் பின்னால் எழுதுவதைக் கருவி படிக்காது. அடுத்து அந்த நாற்காலியில் உட்காரப் போகிற ஆள் படிப்பார். தமிழிலேயே எழுதலாம், நிக்ஸுக்கு ஆட்சேபணை இல்லை.